தொடர்களில் வந்துபோகும் முகங்கள்: கௌரவ வேடம் குறித்து ஒரு கருத்துரை

தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றித் தமிழ்த்துறைகளில் நிகழ்ந்துவரும் ஆய்வுகள் பெரும்பாலும் இரண்டு வினாக்களுக்குள் அடங்கிவிடுகின்றன. பெண் எவ்வாறு சித்திரிக்கப்படுகிறாள் என்பது ஒன்று. குடும்ப அமைப்பு எவ்வாறு காட்டப்படுகிறது என்பது மற்றொன்று. இரண்டும் வேண்டிய வினாக்களே. ஆனால் இரண்டுமே கதைச் சுருக்கத்தைக் கொண்டே விடை காணக்கூடியவை. ஒரு தொடர் எவ்வாறு கட்டப்படுகிறது, எவரைக் கொண்டு நடிக்கப்படுகிறது, அவர் முகம் பார்ப்போரிடத்து என்ன செய்கிறது என்னும் வினாக்கள் கதைச் சுருக்கத்தில் அகப்படுவதில்லை. ஆகவே அவற்றை விட்டுவிடுகிறோம். அவ்வாறு விடப்பட்ட ஒன்றைப் பற்றியே இங்குப் பேச விரும்புகிறேன். அது கௌரவ வேடம்.

மக்கள் நன்கறிந்த திரைப்பட நடிகர் ஒருவர் நெடுந்தொடர் ஒன்றில் இரண்டு நாளோ ஒரு வாரமோ மட்டும் தோன்றி மறைவதை இச்சொல்லால் குறிக்கிறேன். தொடர்காரர்கள் ‘கௌரவத் தோற்றம்’ என்றும் ‘சிறப்புத் தோற்றம்’ என்றும் போடுவர். வேடங்களும் ஏறக்குறைய வரையறுக்கப்பட்டவை. நீதிமன்றக் காட்சி வந்தால் நீதிபதி; கதாநாயகி கைதானால் காவல்துறை அதிகாரி; பிள்ளைக்கு நோய் வந்தால் பெருமருத்துவர்; கோயில் திருவிழா என்றால் கிழவி வடிவில் வரும் அம்மன். முன்னோட்டத்தில் முகம் காட்டப்படாது. மகிழுந்தின் கதவு திறக்கும், செருப்பணிந்த கால் தரையில் ஊன்றும், சேலைத் தலைப்புக் காற்றில் அசையும், இசை உயரும். அத்துடன் முன்னோட்டம் முடிந்துவிடும். மறுநாள் பகுதி முழுவதும் கழிந்து கடைசி நிமிடத்தில்தான் முகம் தெரியும்.

இதன் வணிகக் காரணம் வெளிப்படையானது. பார்வையாளர் அளவீடு வாரந்தோறும் வெளிவருகிறது. ஒரு வாரத்து எண்ணை உயர்த்த ஒரு வாரத்துக்கு மட்டும் ஒருவரை அழைத்துவருவதே போதும். இதற்கு மேல் இதில் விளக்க ஒன்றுமில்லை. காரணம் வணிகமே எனச் சொல்லி நாம் நகர்ந்துவிடுவதுதான் எனக்கு உடன்பாடில்லாதது. வேந்தனிடம் பரிசில் வேண்டிப் பாடிய பாட்டை, பரிசிலுக்காகப் பாடியது என்று சொல்லி மூடிவிடுகிறோமா?

என் அம்மா இரவு எட்டு மணித் தொடர் ஒன்றைத் தவறாது பார்ப்பவர். சில மாதங்களுக்கு முன் அத்தொடரில் எண்பதுகளின் கதாநாயகி ஒருவர் குடும்பநல ஆலோசகராக வந்தார். கதைப்படி மருமகளுக்கு அவர் முன்பின் அறியாதவர். அம்மாவோ, ‘இவ வந்துட்டால்ல, இனி அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது’ என்றார். எதைக்கொண்டு அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அந்நடிகை இளமையில் நடித்த மூன்று படங்களின் கதையை எனக்குச் சொன்னார். மூன்றிலும் அவர் தங்கைக்காகவோ தோழிக்காகவோ தம் வாழ்வை விட்டுக்கொடுத்தவர். தொடரில் அந்த ஆலோசகருக்கு வைக்கப்பட்டிருந்த பெயர் அம்மாவுக்கு நினைவில்லை. மறுநாளும் நினைவில் நிற்கவில்லை. பாத்திரம் வெறும் கூடாக நிற்க, நாற்பதாண்டு நினைவு அதனுள் வந்து அமர்ந்துகொண்டது.

இந்நிகழ்ச்சி என்னை அகத்திணையியலுக்குக் கொண்டுசென்றது. அகப்பாட்டில் வருவோர் தலைவன், தலைவி, தோழி, செவிலி என்றே நிற்பர். ஒருவரையும் இயற்பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பிய விதி. பெயர் சுட்டப்பட்ட கணத்தில் பாட்டு அகத்தை விட்டுப் புறத்துக்குப் போய்விடுகிறது. பெயரே கூட வேண்டியதில்லை. ஓர் அடையாளமே போதும் என்பதற்கு நெடுநல்வாடை சான்று. 188 அடிகளுள் ஓரிடத்தும் பாண்டியன் பெயர் இல்லை. இறுதிப் பகுதியில் பாசறையில் நள்ளிரவு நடக்கும் அரசனுக்கு முன் செல்பவனது வேலில் வேம்பு கட்டப்பட்டிருக்கிறது. வேம்பு பாண்டியர்க்குரிய அடையாளப்பூ. அது கொண்டே நச்சினார்க்கினியர் இப்பாட்டு அகமாகாது, புறமே என்று கொண்டார். அம்முடிபை ஏற்பவரும் மறுப்பவரும் இன்றுமுண்டு. ஆனால் வினாவின் நுட்பத்தை மறுப்பவர் இலர்: ஒரு சிறு குறி ஒரு நெடும்பாட்டின் இயல்பையே மாற்றிவிடுமா?

நம் நெடுந்தொடர்களின் பாத்திர அமைப்பு அகத்தினது போன்றே வகைமை சார்ந்தது. மூத்த மருமகள், இளைய மருமகள், மாமியார், நாத்தனார், விட்டுச்சென்ற கணவன், திரும்பிவந்த காதலன் என அவர்கள் உறவுப்பெயரால் அறியப்படுகிறார்கள். அகமரபும் தொடரும் ஒன்று என நான் சொல்லவரவில்லை; அத்தகைய ஒப்பீடு நம் கருத்தரங்க மலர்களில் ஏற்கெனவே மிகுதி. வகைமையால் இயங்கும் ஒரு கதைக்குள் தனியொருவரின் அடையாளம் நுழையும்போது என்ன நிகழும் என்பதை நம் உரையாசிரியர்கள் எண்ணிப்பார்த்திருக்கிறார்கள் என்பதே சொல்லவருவது. கௌரவ வேடத்தில் வரும் முகம், வேலில் கட்டிய வேம்பு. அது தோன்றியதும் கதையின் மருமகள் பின்னுக்குப் போகிறாள். பேர்பெற்ற ஒருவரின் வரலாறு முன்னே வருகிறது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். நடிகரையும் பாத்திரத்தையும் ஒருங்கே மனத்தில் இருத்திப் பார்ப்பது தமிழ்ப் பார்வையாளர்க்குப் புதிதன்று. நடிகர் முகம் தெரிந்தால் மயக்கம் கலைந்துவிடும் எனக் கவலைப்படுவது நடப்பியல் நாடகக் கொள்கையிலிருந்து நாம் கடன்வாங்கிய கவலை என்பது அம்மறுப்பு. இதில் பெருமளவு உண்மை உண்டு. மதுரை, புதுக்கோட்டைப் பகுதிகளில் இன்றும் நடைபெறும் ஸ்பெஷல் நாடகத்தை எடுத்துக்கொள்வோம். சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணமோ பவளக்கொடியோ ஆடப்படும். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என ஒவ்வொருவரும் தனித்தனியே பேசி அமர்த்தப்படுகிறார்கள். சேர்ந்து ஒத்திகை பார்ப்பதில்லை, மேடையில்தான் சந்திக்கிறார்கள். ஊர்ச் சுவர்களில் ஒட்டப்படும் நோட்டீசில் ஒவ்வொரு நடிகரின் படமும் பெயரும் ஊரும் இருக்கும். கதை எல்லார்க்கும் தெரியும். இன்றிரவு முருகனாக வருபவர் யார், அவருக்கு எதிரே வள்ளியாக நின்று தர்க்கம் செய்பவர் யார் என்பதே சனங்களை விடியுமட்டும் உட்காரவைக்கிறது. கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் சேர்ந்து மேடையேறிய நாள்களில் கூட்டம் வந்தது வள்ளிக்கு மணமாகுமா என அறிவதற்கன்று. ஒரு வகையில் ஸ்பெஷல் நாடகத்தில் எல்லா வேடமும் கௌரவ வேடமே.

தெருக்கூத்தில் இது வேறுவிதமாக நிகழ்கிறது. இருவர் பிடித்துநிற்கும் திரைக்குப் பின்னிருந்து வேடம் தன்னைச் சிறிது சிறிதாகக் காட்டிக்கொள்ளும். பாட்டில் தன்னை அறிவிக்கும். கட்டியங்காரன் வினவ, விடை சொல்லும். தொடரின் முன்னோட்டத்தில் செருப்பும் சேலைத் தலைப்பும் முதலில் தோன்றுவதை இத்திரைவரவின் எச்சம் எனக் கூறலாம். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு, அது சிறிதன்று. கூத்தில் திரை விலகும்போது வெளிப்படுவது கர்ணன், துரியோதனன், திரௌபதி. தொடரில் திரை விலகும்போது வெளிப்படுவது நடிகர் மட்டுமே. அவர் ஏற்ற வேடத்துக்கு வெளிப்பட ஒன்றுமில்லை. ஸ்பெஷல் நாடகத்திலோ நடிகரின் பெயர்க்கு ஈடாக வேடமும் வலியது. பேர்பெற்ற ராஜபார்ட் முருகனாகத்தான் வருகிறார். பெயரில்லாத வட்டாட்சியராக வந்து கையெழுத்திட்டுவிட்டுப் போவதில்லை. ஆகவே மரபு இருக்கிறது என்று சொல்லித் தொடரைக் காப்பாற்றுவோர், அம்மரபு நடிகரிடம் எவ்வளவு வேலை வாங்கிற்று என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

தொடரே தன் மயக்கத்தைப் பேணுவதில் அக்கறை கொண்டதன்று என்பதையும் மறக்கலாகாது. நடிகர் மாறும்போது ‘இவருக்குப் பதில் இனி இவர்’ எனத் திரையிலேயே எழுதிக்காட்டிவிட்டுக் கதையைத் தொடரும் துணிவு அதற்கு உண்டு. இயக்குநரே பாத்திரமாக வருவதும் உண்டு. சன் தொலைக்காட்சியில் 2003 முதல் 2009 வரை ஒளிபரப்பான ‘கோலங்கள்’ தொடரில் அதன் இயக்குநர் திருச்செல்வம் ஏற்ற பாத்திரத்தின் பெயர் தொல்காப்பியன். (நம் துறைகளில் எத்தனைபேர் அதைக் கவனித்தோம் என்பது வேறு செய்தி.) அதே இயக்குநரின் ‘எதிர்நீச்சல்’ தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8ஆம் நாள் மறைந்தார். அவர் திரைப்பட இயக்குநராகவும் துணை நடிகராகவும் நெடுங்காலம் இருந்தவர்; ஆனால் வீட்டுக்கு வீடு அவரை அறியவைத்தது அந்த ஒரு வேடமே. அவருக்குப்பின் அவ்வேடத்துக்கு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி வந்தார். நாவலாசிரியராகவும் திரைப்படங்களில் தெரிந்த முகமாகவும் இருந்த அவருக்கே அவ்விடம் எளிதாக இருந்திருக்காது. முகத்தோடு வேடம் அன்றாடப் பழக்கத்தால் ஒட்டிக்கொண்டபின் எத்தகைய பேரும் அதைப் பெயர்க்கப் போதுவதில்லை. தொடருக்குரிய தனி ஆற்றல் இதுதான்: தெரியாத முகத்தை அன்றாடம் காட்டி வீட்டு மனிதராக்குவது. 1999 முதல் 2001 வரை வந்த ‘சித்தி’யில், ஏற்கெனவே பெரும்பேர் பெற்றிருந்த ராதிகா கூட நாள்தோறும் வந்தே சித்தியானார். கௌரவ வேடம் இவ்வாற்றலுக்கு நேர் எதிரானது. அது பழக்கத்தால் வரவேண்டியதை வேறோரிடத்துச் சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவிடுகிறது.

எடுத்துச் செலவிடுவது குற்றமன்று. எதற்குச் செலவிடுகிறோம் என்பதே கேள்வி. வேற்றுநாட்டுத் தொடர்களிலிருந்து இரண்டு சான்றுகள் தரலாம். அமெரிக்காவின் ‘ஜெனரல் ஹாஸ்பிடல்’ தொடரில் 1981 நவம்பரில் எலிசபெத் டெய்லர் ஹெலனா கசடைன் என்னும் பாத்திரமாகச் சில பகுதிகளில் மட்டும் வந்தார். தொடரின் மையக் காதலர்களான லூக், லாராவின் திருமணம் அப்போது நிகழ்கிறது. ஹெலனா வந்து அத்திருமணத்தைச் சபித்துச் செல்கிறாள். டெய்லர் போனபின்னும் சாபம் போகவில்லை. ஹெலனா பின்னர் வேறு நடிகையரால் நடிக்கப்பட்டுப் பல்லாண்டு நிலைத்தாள். இங்கிலாந்தின் ‘கொரனேஷன் ஸ்ட்ரீட்’ தொடரில் 2005இல் இயன் மெக்கெல்லன் பத்துப் பகுதிகளில் நடித்தார். அவருக்குக் கொடுக்கப்பட்ட வேடம், தன்னைப் புகழ்பெற்ற நாவலாசிரியர் எனச் சொல்லிக்கொண்டு அத்தெருவின் வாசகர் வட்டத்துக்கு வரும் ஓர் ஏமாற்றுக்காரன். தெருவார் புகழுக்கு மயங்குகிறார்கள். வீட்டிலிருந்து பார்ப்போர் உண்மையிலேயே புகழ்பெற்ற ஒரு முகத்துக்கு மயங்கியவாறு, அம்மயக்கம் எள்ளப்படுவதையும் காண்கிறார்கள். நடிகரின் பேர் இங்கே பாத்திரத்துக்குள் வேலை செய்கிறது. இதை உள்ளுறை எனச் சொல்லத் தோன்றும். ஆனால் கருப்பொருள் நிலைக்களனின்றி உள்ளுறை இல்லை. ஆகவே அச்சொல்லை இங்குக் கொண்டுவந்து நெகிழ்க்காமலிருப்பதே நல்லது.

இவ்வேறுபாட்டைக் குறிக்க நம்மிடம் ஏற்ற சொற்கள் வேறு உள்ளன: கிளைக்கதை, இடைச்செருகல். மணிமேகலையில் காயசண்டிகை கதை ஒரு கிளை. யானைத்தீ நோயுற்று அலையும் அவளுக்குப் பசி நீங்குகிறது. அவள் தன் ஊர்நோக்கிப் போய்விடுகிறாள். அவ்வளவில் அவள் ஒரு சிறு பாத்திரமே. ஆனால் மணிமேகலை அவள் வடிவை மேற்கொள்கிறாள், அவ்வடிவைத் தன் மனைவியே என எண்ணிய காஞ்சனன் உதயகுமரனை வாளால் வீழ்த்துகிறான், மணிமேகலை சிறைப்படுகிறாள். வந்துபோனவள் விட்டுச்சென்ற வடிவத்தால் அடிமரமே திரும்பிவிடுகிறது. இடைச்செருகலோ அப்படியன்று. அதை நீக்கினால் முன்னும் பின்னும் தாமே இணைந்துகொள்ளும். சுவடிப் பதிப்பாசிரியர்கள் இடைச்செருகலை இனங்காணக் கையாண்ட தேர்வுகளுள் இதுவும் ஒன்று. நம் தொடர்களின் கௌரவ வேடங்களுக்கு இத்தேர்வை வைத்துப்பார்க்கலாம். என் ஆய்வுக்காக நான் பகுதிபகுதியாகக் குறிப்பெடுத்துவரும் தொடர்களில், கௌரவ நடிகர் வந்த வாரத்தை நீக்கிவிட்டு முந்திய வெள்ளிக்கிழமையையும் பிந்திய திங்கட்கிழமையையும் சேர்த்துப் பார்த்தேன். பெரும்பாலும் மூட்டுத் தெரியவில்லை. நீதிபதி தீர்ப்பை ஒத்திவைத்திருப்பார். அதிகாரி ‘மீண்டும் வருவேன்’ என எச்சரித்திருப்பார். ஆலோசகர் நற்சொல் கூறியிருப்பார். மருமகள் அதே சமையலறையில் அதே அழுகையோடு நிற்பாள்.

இன்னொரு கேடும் உண்டு. கதை கட்டுவோர் அதை எண்ணிப்பார்ப்பதாகத் தெரியவில்லை. தெரிந்த முகம் கதையை முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடுகிறது. சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லனை நினைத்துப்பார்ப்போம். காப்பியத்தில் அவனுக்குரிய இடம் மிகச் சிறிது. நூறு கொல்லர் பின்வர வீதியில் எதிர்ப்படுகிறான், சிலம்பைப் பார்க்கிறான், அரசனிடம் போகிறான். இளங்கோவடிகள் அவனுக்குப் பெயரும் வைக்கவில்லை. கோவலன் அவனை நம்புவதற்கு அவன் யாரோ ஒருவனாக இருப்பதே காரணம். படிப்பவரும் முதற்கணத்தில் அவ்வாறே கொள்கிறார். அவ்வேடத்துக்குப் பேர்பெற்ற வில்லன் நடிகர் ஒருவரைக் கௌரவத் தோற்றத்தில் நிறுத்தினால் கோவலன் வாய்திறக்குமுன்பே கொலைக்களம் கண்முன் வந்துவிடும். சிறுவேடம் சிறுவேடமாக இருப்பதற்கென ஒரு வலிமை உண்டு. அதற்குத் தெரியாத முகம் வேண்டும்.

தெரியாத முகங்கள் என்று எழுதும்போது எனக்கு ஒருவர் நினைவுக்கு வருகிறார். களப்பணியில் சந்தித்தவர், ஐம்பது வயதைக் கடந்தவர். பங்குனி தொடங்கி ஆடி வரை ஸ்பெஷல் நாடகங்களில் நாரதராக ஆடுபவர். மழைக்காலத்தில் மேடை இராது. அம்மாதங்களில் சென்னைக்கு வந்து தொடர்களில் மருத்துவர், வழக்கறிஞர், பஞ்சாயத்துத் தலைவர் எனக் கிடைத்த வேடத்தைச் செய்வார்; நாட்கணக்கில் ஊதியம். ஒரு தொடரில் நீதிபதி வேடத்துக்கு நான்கு நாள் பேசி, முதல் நாள் படப்பிடிப்பும் முடிந்தபின், அவ்வேடத்துக்குத் திரைப்பட நடிகர் ஒருவர் வருகிறார் எனச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒரு நாள் ஊதியம் கிடைத்தது; எடுத்த காட்சி வரவில்லை. அவர் இதைக் கோபத்தோடு சொல்லவில்லை. ‘அவங்க வந்தா நாலு பேரு பாப்பாங்க தம்பி, நான் வந்தா யாரு பாப்பா?’ என்றார். முந்திய மாதம் அவர் ஊர்ப்பக்கம் ஒட்டியிருந்த நோட்டீசை நான் பார்த்திருந்தேன். அதில் அவர் படம் இரண்டாவதாக, பெயருக்கு முன் மூன்று பட்டங்களோடு இருந்தது.

ஒருவர் துயரைக் கொண்டு ஒரு தொழிலை எடைபோடலாகாது என்பதை அறிவேன். அழைக்கப்படும் மூத்த நடிகையர்க்கும் இவ்வேடங்கள் தேவையாயிருக்கின்றன. நாற்பது வயதுக்குமேல் பெண்களுக்குத் திரைப்படம் கொடுப்பது மிகக் குறைவு. அவர்களை வரவேண்டாம் என்பது என் கருத்தன்று. வந்தால் ஒரு வேடத்தைக் கொடுங்கள் என்பதே. நீதிபதியின் இருக்கையில் நான்கு நாள் உட்காரவைப்பது அவர்களுக்கும் கௌரவமன்று.

நம் பக்கம் வருகிறேன். இதை ஆராய்வதற்குச் சான்று வேண்டும். நூலுக்குப் பதிப்பு விவரம் உண்டு. நாடகத்துக்கு நோட்டீசாவது உண்டு. தொடருக்கு என்ன இருக்கிறது? ஆயிரம் பகுதிகளுக்கு மேல் ஓடிய தொடரில் குறிப்பிட்ட ஒரு பகுதியில் யார் எந்த வேடத்தில் வந்தார் என்பதை இன்று உறுதிப்படுத்துவது கடினம். முதன்மை நடிகர் பெயர் கிடைக்கும். கௌரவ நடிகர் பெயர் முன்னோட்டத்தின் வழிக் கிடைக்கலாம். அவருக்கு இருபக்கமும் நின்ற வழக்கறிஞர், எழுத்தர், காவலர் ஆகியோர் பெயர்கள் எங்கும் இல்லை. இதழியல் துறைகள் செய்யும் என நாம் காத்திருக்கிறோம்; அவர்கள் செய்தி ஊடகத்தோடு நின்றுகொள்கிறார்கள். ஏட்டுச்சுவடிகளில் பாடவேறுபாடு குறிக்கப் பயின்ற துறை நம்முடையது. முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் ஒரு தொடரில் ஒரு மாதத்துப் பகுதிகளை எடுத்துக்கொண்டு, யார், எந்த வேடம், எத்தனை காட்சி, எப்போது வந்தார், எப்போது போனார், அவரால் கதையில் எது மாறிற்று என அட்டவணையிட்டால் போதும். பத்து மாணவர், பத்து மாதம். இதற்கு நிதிநல்கை வேண்டியதில்லை.

இவ்வாறு ஓர் அட்டவணையை என் அளவில் தொடங்கியிருக்கிறேன். அதில் மேற்சொன்ன நாரதர் நடிகருக்கும் ஒரு வரிசை ஒதுக்கினேன். வேடம்: நீதிபதி. காட்சிகள்: ஒளிபரப்பாகவில்லை. பெயர் என்னும் கட்டத்தில், நோட்டீசில் இருந்தவாறே, மூன்று பட்டங்களையும் சேர்த்து எழுதினேன்.